கலுங்கில் சத்தம் கூடாது

அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்திவிடுங்கள் சார். பாட்டு நல்ல பாட்டுதான், குறை சொல்லவில்லை. இந்த இடத்தில் கூடாது. செல்போனை முழுக்க அணைக்க வேண்டாம், சத்தத்தைக் குறைத்தால் போதும். ஆம், அப்படித்தான். தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். போன வருஷம் ஒருத்தர் இதே கல்லில் உட்கார்ந்து சத்தமாகப் பாட்டுக் கேட்டார். அருப்புக்கோட்டை போய்ச் சேருவதற்குள் ஒரு காது அடைத்துவிட்டது. சளி என்று டாக்டர் சொன்னாராம். டாக்டருக்குக் கலுங்கைப் பற்றி என்ன தெரியும்.

நீங்களும் அருப்புக்கோட்டைதானா? பஸ் வர நேரமாகும். அந்தப் பக்கம் வெயில் முகத்தில் அடிக்கும், இப்படி நகர்ந்து உட்காருங்கள்.

பார்க்கப்போனால் நான் பேசக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்தக் கல்லில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம்வரை நான் வாய் திறக்கக் கூடாது என்று ஓர் ஏற்பாடு. என்ன ஏற்பாடு என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் காரணம் சொல்லாமல் ஊமை மாதிரி இருந்தால் என்ன நினைப்பீர்கள். சுருக்கமாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

இதற்குப் பேர் கலுங்கு. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கட்டிய கல்வரிசை. மேலே ரோடு போட்டுப் பாலமாக்கிவிட்டார்கள். டிக்கெட்டில் ‘நெடுங்கரைப்பட்டி விலக்கு’ என்று இருக்கும். கண்டக்டர் வாயில் அது வராது. ‘பேய்க்கலுங்கு இறங்கு’ என்றுதான் சொல்லுவார். அந்தப் பேய் என் பெண்டாட்டி.

எழுந்திருக்காதீர்கள் சார். ஒன்றும் செய்யமாட்டாள். உயிரோடு இருந்தபோதே யாரையும் ஒன்றும் செய்தவள் இல்லை. பேர் பூரணம். வீட்டில் இருந்தவரை அவள் இருக்கிறாளா இல்லையா என்று அடுப்படியில் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். இப்போது பஸ் கம்பெனிக்காரன்வரை பயப்படுகிறான்.

மற்ற ஊர்ப் பேய்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுண்ணாம்பு கேட்கும், மல்லிகைப்பூ கேட்கும், சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டு கனக்கும். எங்கள் பேய்க்கு அந்த மாதிரி செலவு எதுவும் இல்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இந்தக் கல்லில் உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான். அமைதியாகக் கடந்து போனால் திரும்பிக்கூடப் பார்க்காது. சத்தம் போட்டால்தான் வினை.

அதனால் இந்த வழியாக வரும் பஸ்ஸில் எல்லாம் டிரைவர் பாட்டை நிறுத்திவிடுவார். கல்யாண வேனில் வருகிறவர்கள் அந்த வேப்பமரத்தில் நிறுத்துவார்கள். எதிரே தெரியும் தண்ணீர்க் குழாயடி தாண்டினால் மறுபடி போடுவார்கள். சாவுக்கு அடிக்கிற மேளம்கூட இங்கே வந்ததும் நின்றுவிடும். பிணத்தைத் திருடிக்கொண்டு போவது மாதிரி ஓசைப்படாமல் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி கரைக்க ஊரே இந்தக் கண்மாய்க்குத்தான் வரும். முன்னெல்லாம் மைக்செட் குழாயில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருவோம். பக்கத்து ஊர்க்காரன் வீட்டில் படுத்தபடியே எங்கள் முளைப்பாரி எங்கே வருகிறது என்று சொல்லிவிடுவான். இப்போது பெண்கள் அவர்களாகவே கும்மி பாடிக்கொண்டு வருகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறதாம். மைக் இல்லாமல் பாடினால் அது பாட்டா சார்?

இதில் யாருக்கு நஷ்டம் என்று நினைக்கிறீர்கள்? எனக்குத்தான். தவசி சவுண்டு சர்வீஸ். சுற்று வட்டாரத்தில் கேட்டுப் பாருங்கள், மைக்செட் தவசி என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். தவசிலிங்கம் என்ற முழுப்பேர் எனக்கே மறந்துபோயிற்று. புனல் மாதிரி பெரிய குழாய்கள், ஆம்ப்ளிஃபயர், நீளக் கம்பி, எல்லாம் என் கையால் வாங்கிச் சேர்த்தவை. என் குழாயை அம்மன் கோயில் பனைமரத்தில் கட்டினால் கண்மாய்க்கு அந்தக் கரையில் மாடு மேய்க்கிறவன் கையை ஆட்டுவான். அப்பேர்ப்பட்ட குழாய் இன்றைக்கு வீட்டுப் பரணில் கவிழ்ந்து கிடக்கிறது. கோழி உள்ளே முட்டையிட்டு வைத்திருக்கிறது. ஊரில் எவன் வீட்டு விசேஷத்துக்கும் என்னைக் கூப்பிடுவதில்லை. கேட்டால், பூரணத்துக்குப் பிடிக்காது தவசி என்கிறார்கள். என் பெண்டாட்டிக்கு எது பிடிக்காது என்று எனக்கே சொல்கிறார்கள்.

அவளுக்கு மைக்செட் பிடிக்காது என்று ஒரு நாள்கூட என்னிடம் சொன்னதில்லை. அவள் எதையும் சொல்லுகிற ரகம் இல்லை. அதனால் எங்களுக்குள் சண்டையே கிடையாது. இரண்டு பேர் பேச்சையும் நானே பார்த்துக்கொண்டேன். அவள் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பாள். ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டு, பூட்டி, ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங் என்பேன். கேட்கிறதா என்று அவளைக் கேட்பேன். கேட்கிறது என்று தலையை ஆட்டுவாள். நல்ல பொருத்தம் சார் எங்களுக்கு. ஊரில் வேறு எந்தப் புருஷன் பெண்டாட்டியை இத்தனை தடவை கேட்கிறதா, கேட்கிறதா என்று கேட்டிருப்பான்?

அவள்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பொங்கல் சமயம். கோயிலில் மைக் என் கையில். மத்தியானம் சாப்பிட்டு வந்த கையோடு, ‘பக்தகோடிகளுக்கு ஓர் அறிவிப்பு, நெடுங்கரைப்பட்டி தவசிலிங்கம் மனைவி பூரணம் இன்று வைத்த குழம்பில் உப்பு இல்லை, உப்பு இல்லை’ என்று சொன்னேன். கோயிலே உருண்டு சிரித்தது. பூசாரி மணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பெண்கள் வரிசையில் பூரணமும் இருந்தாள். அவளும்தான் சிரித்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் சிரித்தாள். தோள் குலுங்குவது எனக்கு மேடையிலிருந்தே தெரிந்தது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கும் நான் சும்மா இருக்கவில்லை. அடுத்த பொங்கலில் மைக்கில் சொன்னேன். இன்னாருக்கு இத்தனை வருஷமாக வயிறு திறக்கவில்லை, தாய்மார்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிப் பூரணத்துக்காக அம்மனிடம் கேளுங்கள் என்று. ஊரே கண்ணை மூடியது. எந்தப் புருஷன் செய்வான்? அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. அம்மனுக்கு விரதம் என்று நான் புரிந்துகொண்டேன். அவ்வளவு பக்தி.

பேச்சு எங்கேயோ போகிறது. அவள் போன கதைக்கு வருகிறேன்.

நல்ல வெயில் காலம். சாத்தூர்ப் பக்கம் ஒரு காதுகுத்துக்குக் குழாய் கட்டப் போயிருந்தேன். திரும்பி வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி பக்கத்து வீட்டு ரெங்கம்மா மதினியிடம். மதினி என்றால் என் பெரியப்பா காளியப்பனின் மருமகள்; பூரணத்துக்கு அவள்தான் கூட்டு. இரண்டு பேரும் சுவரோரம் நின்று குசுகுசு என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் போனால் நின்றுவிடும். மதினி சாவியை என் கையில் வைத்து, ‘கலுங்குப் பக்கம் போனா’ என்றாள். எதற்குப் போனாள், எப்போது வருவாள் என்று கேட்டேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

இருட்டியும் வரவில்லை. காலையிலும் வரவில்லை. நான் என்ன செய்வேன், தெரிந்த வித்தை ஒன்றுதான். மாடியில் குழாயைக் கட்டினேன். திருவிழாவில் காணாமல் போன பிள்ளைக்குச் சொல்லுவோமே, அந்த மாதிரி. பூரணம், வயசு முப்பத்தாறு, மாநிறம், இடது புருவத்தில் தழும்பு, எங்கிருந்தாலும் உடனே வீட்டுக்கு வரவும், புருஷன் தவசிலிங்கம் சாப்பிடாமல் காத்திருக்கிறார். நாலு திசைக்கும் குழாயைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். விடியும்போது ஆரம்பித்தால் கண் சொருகும்வரை. தொண்டை கட்டிக்கொண்டபோது டேப்பில் பதிந்து ஓட விட்டேன்.

அப்போது பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. ஹெட்மாஸ்டர் வந்து ஏதோ சொல்லிப் பார்த்தார். ஒரு வீட்டில் குழந்தை தூங்கவில்லை என்றார்கள். பெண்டாட்டியைக் காணோம் என்கிறேன், தூக்கம் முக்கியமா?

மூன்றாம் நாள் காளியப்பன் பெரியப்பா வந்தார். ஊரில் அவர் சொன்னால் மறுபேச்சில்லை. கையில் ஒரு ஜோடி செருப்பு. பின்னால் ரெங்கம்மா மதினி. பின்னால் பாதி ஊர்.

‘தவசி, குழாயை இறக்குடா. அவ போயிட்டா.’

‘எங்க பெரியப்பா?’

பெரியப்பா மதினியைப் பார்த்தார். மதினி கண்மாயைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. செருப்பு கலுங்குக் கல்லில் கிடந்ததாம். அவள் செருப்புதான், வார் அறுந்து ஊக்குப் போட்டு வைத்திருந்தாளே, அது. அதற்கு முந்தின மாதம் வாங்கிய புதுச்செருப்பு வீட்டில் இல்லை. புதுசைப் போட்டுக்கொண்டு, பழசைக் கல்லில் அடையாளமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சாகப் போகிறபோதும் பெண்கள் பொருளை வீணாக்க மாட்டார்கள் சார்.

தண்ணீரா? நல்ல கேள்வி. எல்லா வெளியூர்க்காரர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். அந்த வருஷம் கண்மாயில் தண்ணீர் இல்லை. நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் சேறு இருந்தது. மதினி சொன்னாள், ‘சேறு உள்ள இழுத்துரும் கொழுந்தனாரே, தோண்டுனா பாவம்’ என்று. போலீஸில் சொல்லலாம் என்றேன். பெரியப்பா தோளில் கை வைத்து, குடும்ப மானத்தை ஸ்டேஷன் திண்ணையில் வைக்கணுமாடா என்று கேட்டார். மானம் பெரிசுதானே. விட்டுவிட்டேன். பெரிய மனிதர்கள் கூட இருந்தால்தான் இந்த மாதிரி நேரத்தில் புத்தி நிதானத்தில் இருக்கும்.

சரி, போனவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டாமா? பதினாறாம் நாள் காரியம்வரை ஒப்பாரி கேசட் போடுவதென்று முடிவு செய்தேன். அசல் மதுரை ஒப்பாரி. காலையில் போட்டேன். மத்தியானம் ரெங்கம்மா மதினி முழி பிதுங்க ஓடி வருகிறாள். பூரணத்தைக் கலுங்கில் பார்த்தாளாம். தலைவிரி கோலம், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, சத்தம் பொறுக்கலையே, சத்தம் பொறுக்கலையே என்று முனகுகிறதாம். நான் நம்பவில்லை. நான் பாட்டுக்குக் கேசட்டைத் திருப்பிப் போட்டேன். சாயங்காலம் பெரியப்பா பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் ஹெட்மாஸ்டர் பார்த்துவிட்டார். அவர் கோயில் வாசலில் செருப்புக்கூடக் கழற்றாத மனிதர், அறிவியல் பாடம் நடத்துகிறவர். அவரே வந்து, மிஸ்டர் தவசி, என் கண்ணால் பார்த்தேன், விஞ்ஞானத்துக்கு அப்பாற்பட்டது என்றார். அதற்குமேல் நம்பாமல் இருக்க நான் யார்?

ஒரே வாரம். ஊரில் அவளைப் பார்க்காத ஆள் இல்லை. பால்காரன் பார்த்தான், தபால்காரர் பார்த்தார், கண் தெரியாத மாடக்கிழவன்கூட ஒரு உருவம் தெரிந்தது என்றான். கட்டின புருஷன் நான், எனக்கு மட்டும் காட்சி இல்லை. பலதடவை வந்து இங்கே நின்று கூப்பிட்டிருக்கிறேன். ஊர்க்காரனுக்கெல்லாம் தெரிகிறாய், எனக்கு மட்டும் என்னடி என்று கேட்டிருக்கிறேன். பதிலே கிடையாது. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான்.

காரியம் முடிந்த மறுநாள் அவள் தம்பி ஒரு மினி லாரியோடு வந்தான். போனவள் ஆசைப்பட்ட சாமான் வீட்டில் இருந்தால் ஆத்மா அடங்காது என்று சொல்லி அவள் பெட்டியையும் தையல் மிஷினையும் ஏற்றிக்கொண்டான். அழுத கண்ணாகத்தான் இருந்தான். அந்தத் துக்கத்திலும் மிஷினுக்கு விடுகிற எண்ணெய்க் குப்பியை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டு போனான் பாருங்கள், பொறுப்பான பையன்.

பிறகு சாந்தி அடைந்திருப்பாள் என்று பார்த்தால் இல்லை. சுற்ற ஆரம்பித்துவிட்டாள். சந்தைக்கு வெங்காயம் போடப் போன எங்கள் ஊர் முத்தையா அருப்புக்கோட்டையில் பார்த்திருக்கிறான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல்கடைத் தெருவில், ஒரு கடையில் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்ததாம். சொல்லி வாய் மூடவில்லை, அவன் பெண்டாட்டி தொடையில் கிள்ளினாள். உடனே, அது வேற ஆளு மாமா என்றான். வேறு ஆளாக இருக்க முடியாது. இடது புருவத்தில் தழும்பு இருந்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டானே. நான் யோசித்துப் பார்த்தேன். ஆவி என்பது ஆசையைத் தேடிப் போகிற சாமான். மிஷின் எங்கே இருக்கிறதோ அங்கேதானே அதுவும் போகும்?

தொழில் அடியோடு படுத்தது. கலுங்கிலிருந்து சத்தம் கேட்கிற தூரத்தில் குழாய் கட்டக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்கள். என் குழாய் கேட்காத தூரம் என்று ஏதாவது இருக்கிறதா? பிள்ளைகள் எல்லாம் பாஸாகிறார்கள், ஹெட்மாஸ்டர் கலெக்டர் கையால் சால்வை வாங்கினார். எல்லாருக்கும் நல்லது செய்கிற பேய், கட்டினவன் பிழைப்பில் மட்டும் மண் போடுகிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, போன ஆடியில் பேயோட்டுகிற ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்தேன். விரட்டிவிடுவது என்று முடிவு. பொங்கலுக்குப் பனைமரத்தில் என் குழாய் ஏற வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

ஊரில் ஒருவருக்கும் இஷ்டமில்லை. அவ பாட்டுக்கு இருந்துட்டுப் போறா, உனக்கு என்னடா செய்யுது என்று பெரியப்பா சண்டைக்கே வந்தார். நான் கேட்கவில்லை. இதே இடத்தில் கோலம் போட்டுச் சேவலைக் கட்டிக் கோடாங்கி உடுக்கை எடுத்தார். இரண்டு தட்டுத் தட்டியிருப்பார். ரெங்கம்மா மதினி கூட்டத்தில் நின்றவள் கொண்டையை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பித்துவிட்டாள்.

‘யாரு வந்திருக்கது? பேரைச் சொல்லு’ என்று கோடாங்கி அதட்டினார்.

‘பூரணம் வந்திருக்கேன். யோவ், மொதல்ல அந்த உடுக்கைக் கீழ வையி. காது வலிக்கி.’

கோடாங்கி வைத்துவிட்டார். அவர் தொழிலில் அப்படி ஒரு பேயைப் பார்த்ததில்லை என்று பின்னால் சொன்னார். உடுக்கு இல்லாமல் என்ன செய்வதென்று தெரியாமல் சேவலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேய் நேரே என்னிடம் வந்தது. என் முகத்துக்கு நேரே விரலை நீட்டியது.

‘உப்பு இல்லைன்னு ஊருக்கே சொன்னியே. உப்பு வேணும்னு என்கிட்ட கேட்டியா?’

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது சார். எத்தனை வருஷத்துக்கு முந்தின உப்பு. அதற்குமேல் பேய் வேறு என்னென்னவோ சொன்னது, ராத்திரி சாப்பிடாமல் படுத்தது, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு விழித்திருந்தது. எங்கள் இரண்டு பேருக்குள் நடந்தது மதினிக்கு எப்படித் தெரியும்? வந்தது பூரணம்தான் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

நான் உடனே விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அது வேடிக்கைக்குச் சொன்னது, நீயும்தான் சிரித்தாய், நாலு பேர் மத்தியில் உன் பேர் நாலு திசையிலும் கேட்டது என்று நினைத்துப் பார், என்றேன். பேய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து, ‘பாத்தீகளா, இப்பவும் பேசுதான்’ என்றது. ஜனங்கள் சிரிக்கிறார்கள். அருள் வந்த இடத்தில் சிரிக்கலாமா? பெரியப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

கோடாங்கி ஒருவழியாக, ‘என்ன செஞ்சா மலையேறுவ தாயி?’ என்று கேட்டார்.

‘ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்த ஆளு இந்தக் கல்லுல உக்காரணும். வெளக்கு வைக்கிற வரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாது. அப்படி இருந்துட்டா நான் போயிர்றேன். எங்கிட்டும் இருக்க மாட்டேன்.’

இவ்வளவுதானா என்று கோடாங்கி சேவலை வாங்கிக்கொண்டு கிளம்பினார். நானும் இவ்வளவுதானா என்றுதான் நினைத்தேன். மதினி தண்ணீர் குடித்து, கொண்டையை முடிந்துகொண்டு, நான் ஏதாவது பேசினேனா கொழுந்தனாரே, ஒண்ணுமே நினைவில்லையே என்றாள். பாவம்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறேன். சும்மா உட்கார்ந்திருப்பது லேசான காரியம் என்று நினைக்காதீர்கள். முதல் வாரம் பெரியப்பா இந்த வழியாக வந்தார். என்னடா தவசி, கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். அக்கறையாகக் கேட்கிறவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? அடுத்த வாரம் ஹெட்மாஸ்டர் வந்து மின்சாரம் எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று என்னிடம் சந்தேகம் கேட்டார். தெரியாத விஷயமா, அரை மணி நேரம் சொன்னேன். ஏனோ வெள்ளிக்கிழமை சாயங்காலமானால்தான் ஊர்க்காரர்களுக்கு என்னிடம் பேச்சு வருகிறது. ஆளே வராத ஒரு வாரம் தண்ணீரில் நின்ற கொக்கிடம் என்னவோ சொல்லிவிட்டேன். இன்றைக்கு நீங்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் பாட்டுப் போடாமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்.

ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது வெள்ளிக்கிழமை இல்லை. அது கணக்கில் வராது என்று மதினி சொல்லிவிட்டாள்.

தை மாதம், மதினி மகள் கல்யாணம். பட்டப்பகல். நான் இந்தக் கல்லில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மைக்செட் கிடையாது, அதனால் எனக்கும் அங்கே வேலை கிடையாது. அருப்புக்கோட்டை பஸ் வந்து நின்றது. பூரணம் இறங்கினாள்.

கையில் ஒரு பை. அரக்குக் கலர்ச் சேலை. காலில் நல்ல செருப்பு, நிழல் தரையில் விழுந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். ஓடவில்லை, மறையவில்லை. அதோ அந்தக் குழாயடி இருக்கும் தூரத்தில் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். நான் ஏதோ கேட்கப் போகிறேன், கேட்டால் பதில் சொல்லலாம் என்று காத்திருப்பது மாதிரி.

எனக்கு வாய் வரவில்லை சார். மைக் இல்லாமல் நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்துவேன் நான். அன்றைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நன்றாக இருக்கிறாயா என்று ஒரு வார்த்தை. அது வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு கல்யாண வீட்டுப் பக்கம் போய்விட்டாள். சாயங்காலம் கல்யாண வீட்டில் அத்தனை பேரையும் கேட்டேன். அவர்களில் ஒருத்தர்கூட அவளைப் பார்க்கவில்லையாம். முன்னே ஊரே பார்த்தது, நான் பார்க்கவில்லை. இப்போது நான் பார்த்தேன், ஊர் பார்க்கவில்லை.

பேய் கண்ணாடி போடுமா என்று கேட்கப்போகிறீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது. நானும் அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் பேய் இல்லை என்றால் அது வேறு என்னவாக இருக்கும்? வேண்டாம். நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள் சார். ஊரில் இத்தனை பேர் இத்தனை வருஷம் பாடுபட்டுச் சொல்லாமல் இருக்கிறார்கள், நீங்கள் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் சொல்லிவிடாதீர்கள்.

அதோ வருகிறது பஸ். கேட்கிறதா, என்ன சத்தத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறான் பாருங்கள். வேப்பமரத்துக்கு வரட்டும். டிரைவர் கையைப் பாருங்கள்... நிறுத்திவிட்டான். பார்த்தீர்களா. உள்ளே எத்தனை பேர், ஒரு ஆள் வாய் திறக்கவில்லை. கைப்பிள்ளையின் வாயைக்கூடப் பொத்திவிட்டார்கள். மந்திரி வந்தால் இப்படி அடங்குவார்களா? என் பெண்டாட்டி சார்.

விளக்கு வைக்க இன்னும் நேரம் இருக்கிறது. இனிமேல் உட்கார்ந்து என்ன பிரயோஜனம், இந்த வாரமும் போயிற்று. போகட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அதற்கு அடுத்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போய்விடுகிறேன் என்றாளே, போனால் எங்கே போவாள்? பொங்கலுக்குக் குழாய் ஏறாவிட்டால் என்ன, கோழி அடை காத்துக்கொண்டிருக்கிறது.

ஏறுங்கள், ஏறுங்கள். பை பத்திரம். அருப்புக்கோட்டையில் இறங்கி எந்தப் பக்கம் போவீர்கள்? ஸ்டாண்டுக்குப் பின்னால், தையல்கடைத் தெரு வழியாகப் போகிற மாதிரி இருந்தால், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். அங்கேயும் அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் போங்கள் சார்.